நீரியலும் வளிமண்டல அறிவியலும் ஒரே துறையானால் முதல் களப்பாடம் எது? (விவாத இழை)

நீர்க்கணக்கன்

நண்பர்களே, நீரியல் துறையையும் வளிமண்டல அறிவியல் துறையையும் ஒன்றாக்கும்போது முதலில் மாறுவது பெயர்ப்பலகை. அடுத்தது பாடப்பட்டியலை ஒட்டும் வேலை. முதல் பாதியில் மேகம், காற்று, மழை. இரண்டாம் பாதியில் ஓடை, மண், நிலத்தடி நீர். படிப்பவர் இரண்டையும் பாதிப் பாதி கற்று வெளியே போகிறார். மழை தரையைத் தொடும் இடத்தில் பாடம் அறுந்துபோகிறது. துறைகளை இணைத்ததே அந்த இடத்துக்காகத்தான்.

என் முன்மொழிவு: முதல் ஆண்டில் எல்லா மாணவரும் ஒரு சிறிய நீர்ப்பிடிப்பின் (ஓர் ஓடைக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பின்) ஓராண்டு நீர்க்கணக்கை அளந்து எழுத வேண்டும். பின்னால் மேகம் படிக்கப் போகிறவருக்கும் கிணறு படிக்கப் போகிறவருக்கும் இது பொது. பெய்த மழை = ஓடையில் போனது + ஆவியாகிப் போனது + மண்ணிலும் நிலத்தடியிலும் கூடியது அல்லது குறைந்தது. நான்கையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது கட்டாய விதி. மூன்றை அளந்துவிட்டு நான்காவதைக் கழித்தெடுத்தால் கணக்கு எப்போதும் பொருந்தும். அப்படிப் பொருந்துவதால் எதுவும் நிரூபணமாவதில்லை.

(இந்த இழையில் "ஆவியிழப்பு" என்றால் மண், நீர்ப்பரப்பு, இலை எல்லாவற்றிலிருந்தும் போகும் நீராவியின் மொத்தம் என்று வைத்துக்கொள்வோம்.)

உத்தேசத் திட்டம்: 2 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பு, ஓடையின் வாயில் 90 டிகிரி வி-நாட்ச் தகடு (நீர் வழிய V வடிவில் வெட்டிய தகடு), மூன்று மழைமானிகள், ஓர் எடி கோவேரியன்ஸ் கோபுரம் (காற்றுச் சுழல்களை அளந்து ஆவியிழப்பைக் கணக்கிடும் கோபுரம்), ஆறு இடங்களில் மண் ஈர உணரிகள். எங்கே தப்பு வரும்? சொல்லுங்கள்.

ஓடைமட்டம்

பரப்பிலேயே தப்பு இருக்கிறது ஐயா. வி-நாட்ச் தகட்டின் வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள். 90 டிகிரி வெட்டுக்கு, நீர்மட்டத்தை மீட்டரில் எடுத்து 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38 ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். மட்டம் 10 செ.மீ. என்றால் வினாடிக்கு 4.4 லிட்டர். 30 செ.மீ. என்றால் 68 லிட்டர்.

இப்போது 2 சதுர கி.மீ. பரப்பில் மணிக்கு 10 மி.மீ. வழிந்தோடுகிறது என்று வையுங்கள். அது மணிக்கு 20,000 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 5.6 கன மீட்டர். அதைக் கடத்த வெட்டின் ஆழம் 1.75 மீட்டர் வேண்டும். மாணவர் ஆய்வகத்தில் அப்படி ஒரு தகட்டை நிறுத்த முடியாது. வெள்ளம் தகட்டைத் தாண்டி இரு பக்கமும் வழியும். ஆண்டின் ஓட்டத்தில் பெரும்பங்கு போகும் அந்தச் சில மணி நேரங்கள்தான் பதிவாகாமல் போகும்.

பரப்பை 30 ஹெக்டேருக்குக் குறைத்தால் அதே மழையில் வினாடிக்கு 0.83 கன மீட்டர், மட்டம் ஏறக்குறைய 82 செ.மீ. கான்கிரீட் சுவரில் இரும்புத் தகடு பதித்துச் சமாளிக்கலாம்.

பொருத்தும்போது பார்க்க வேண்டியவை: வெட்டின் விளிம்பு, நீர் வரும் பக்கத்தில், கூர்மையாக இருக்க வேண்டும். நீர் தகட்டை விட்டு விலகி விழ வேண்டும். அடியில் காற்று புகாமல் தகட்டோடு ஒட்டி வழிந்தால் வாய்பாடு செல்லாது. மட்டத்தைத் தகட்டின் அருகே எடுக்கக் கூடாது, அங்கே நீர்ப்பரப்பு வளைந்து இறங்கும். அதிகபட்ச மட்டத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு தூரம், நீர் வரும் பக்கமாகத் தள்ளி எடுங்கள். பூச்சியப் புள்ளி, அதாவது வெட்டின் அடிமுனை உணரியின் எந்த அளவுக்குச் சமம் என்பதை, லெவல் கருவி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சியம் 2 மி.மீ. தவறினால், 10 செ.மீ. மட்டத்தில் அது 2 சதவீதம், அடுக்கு 2.5 என்பதால் ஓட்டத்தில் 5 சதவீதம். மழையில்லாத மாதங்கள் முழுக்க இந்தப் பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

காற்றழுத்தி

ஓடைமட்டம் ஒன்றை விட்டுவிட்டார். மட்டம் எடுப்பது அழுத்த உணரி என்றால், அது நீரின் அழுத்தத்தோடு மேலே இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே படிக்கும். காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறினால் அது 10.2 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமம். மேலே சொன்ன 2 மி.மீ. கவலையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

இரண்டு வழி உண்டு. காற்றுக்குழாய் உள்ள உணரி வாங்கினால் அழுத்தம் தானாகக் கழியும். ஆனால் குழாய் நுனியில் இருக்கும் ஈர உறிஞ்சி நிறைந்துவிட்டால் உள்ளே நீர் கோத்து, அளவு மெல்ல நகரும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றியாக வேண்டும். குழாய் இல்லாத உணரி என்றால் பக்கத்தில் ஒரு காற்றழுத்தமானி வைத்து, ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளைக் கழிக்க வேண்டும். அழுத்தமானியை நீர்மட்டத்துக்கு அருகிலான உயரத்தில் வையுங்கள். மலை மேல் வைத்தால் உயர வேறுபாடு நிலையான பிழையாக நின்றுவிடும், அதைத் தனியே நீக்க வேண்டிவரும்.

கடல்மட்ட அளவுக்குத் திருத்தப்பட்ட அழுத்தத்தை வானிலைப் பதிவிலிருந்து எடுத்து இங்கே கழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நிலைய அழுத்தம், அதாவது அந்த இடத்தில் அளந்தபடியே உள்ள அழுத்தம்தான் வேண்டும். வளிமண்டலப் பாடத்தில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் வேறுபாடு இது. ஓடை அளப்பவருக்கு அதை யாரும் சொல்வதில்லை.

மழைத்துளி200

மழைமானிக்கு வருகிறேன். மழையில் 8 சதவீதம் தவறினால் மற்ற மூன்றையும் எவ்வளவு கவனமாக அளந்தும் பயனில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

டிப்பிங் பக்கெட் கருவியில் சிறு வாளி நிறைந்ததும் கவிழும், கவிழ்ப்புகளை எண்ணி மழையை அளப்போம். அதன் வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ., ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்றால் வாளி 4 மி.லி.யில் கவிழ வேண்டும். சோதனை எளிது. 500 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், 125 கவிழ்ப்பு வர வேண்டும். மணிக்கு 20 மி.மீ. வேகத்துக்கு அந்த அரை லிட்டர் இறங்க 75 நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஊற்றினால் சோதனையே பொய்யாகும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே 500 மி.லி.யை ஏழரை நிமிடத்தில் விட்டுப் பாருங்கள், அது மணிக்கு 200 மி.மீ. அப்போது 3.6 வினாடிக்கு ஒரு கவிழ்ப்பு. வாளி கவிழ ஏறக்குறைய அரை வினாடி எடுக்கிறது. அதன் முதல் பாதியில் விழும் நீர் ஏற்கெனவே நிறைந்த வாளியிலேயே விழுந்து எண்ணப்படாமல் போகிறது. கால் வினாடியை 3.6 வினாடியால் வகுத்தால் சுமார் 7 சதவீதம். 125க்குப் பதில் 116 வரும். வெள்ளம் தரும் மழையில் மட்டும் குறைத்துக் காட்டும் கருவியாகிவிடுகிறது. நான்கைந்து வேகங்களில் சோதித்து ஒரு திருத்தக் கோடு வரைந்து, கவிழ்ப்பு இடைவெளியைப் பார்த்துத் திருத்துங்கள். மணிக்கணக்கில் கூட்டிய பிறகு திருத்த முடியாது. அதனால் லாகரில் (தரவைப் பதியும் கருவியில்) ஒவ்வொரு கவிழ்ப்பின் நேரமும் பதிவாக வேண்டும்.

அடுத்தது காற்று. மானியே காற்றுக்கு ஒரு தடை. வாயின் மேல் காற்று வேகமெடுத்துச் சிறு துளிகளைத் தாண்டித் தள்ளுகிறது. மழையில் இழப்பு 2 முதல் 10 சதவீதம் வரை, பனிப்பொழிவில் பாதிக்கு மேலும் போகலாம். வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி குழியில் வைத்து, சுற்றிலும் தெறிப்பைத் தடுக்கும் கட்டத்தட்டு போடுவது மழைக்கான ஒப்பீட்டு முறை. மூன்று மானியில் ஒன்றைக் குழிமானியாக்குங்கள். அதற்கும் மேலே நிற்கும் மானிக்கும் உள்ள வேறுபாட்டைக் காற்று வேகத்துக்கு எதிரே வரைந்தால், இணைந்த துறையின் முதல் வரைபடம் மாணவர் கையில் இருக்கும்.

இடம்: மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். நான்கு மடங்கு கிடைத்தால் நல்லது.

அடைப்பைத் தரவிலேயே கண்டுபிடிக்கலாம். மழை நின்ற பிறகும் மணிக்கணக்கில் ஒரே சீரான இடைவெளியில் கவிழ்ப்பு வந்துகொண்டிருந்தால் புனலில் இலையோ பூச்சிக்கூடோ இருக்கிறது. நீர் கசிந்து இறங்குகிறது. மொத்தம் சரியாக இருக்கலாம், நேரம் முழுக்கத் தவறு. சுவிட்ச் துள்ளுவதால் ஒரே கவிழ்ப்பு இரண்டாகப் பதிவாவதும் உண்டு. அரை வினாடிக்குள் வரும் இரண்டாவது பதிவை நீக்குங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண சேமிப்பு மானி கட்டாயம், மாத மொத்தம் சரிபார்க்க அதைவிட நம்பகமானது இல்லை.

முதலாண்டு

ஐயா, ஒரு சந்தேகம். ஆவியிழப்புக்குக் கோபுரம் எதற்கு? ஆவியாதல் தொட்டி வைத்து 0.7 ஆல் பெருக்கினால் போதாதா?

ஆவிக்கோடு

தொட்டி நீரை அளக்கிறது தம்பி, நிலத்தை அளக்கவில்லை. ஏ வகுப்புத் தொட்டி 120.7 செ.மீ. விட்டம், 25 செ.மீ. ஆழம். உலோகச் சுவரில் வெயில் பட்டு நீர் கூடுதலாகச் சூடாகிறது. அதனால்தான் ஏரிக்குக் கணக்கிடும்போது சுமார் 0.7 என்ற குணகம். அந்த எண்ணும் ஆண்டுச் சராசரிக்குத்தான் ஓரளவு பொருந்தும். நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறும்.

முக்கியமான சிக்கல் வேறு. மண் வறண்டு செடிகள் இலைத்துளையை மூடிக்கொள்ளும்போது நிலத்தின் ஆவியிழப்பு குறைகிறது. காற்று வறண்டு சூடாவதால் அதே நேரம் தொட்டியின் ஆவியாதல் கூடுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. எந்தக் குணகமும் இதைச் சரிசெய்யாது. தொட்டியும், வானிலைத் தரவிலிருந்து ஆவியிழப்பைக் கணக்கிடும் பென்மன்–மான்டீத் வாய்பாடும் காற்றின் தாகத்தைச் சொல்கின்றன. நிலம் உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்பது அவற்றில் இல்லை. 1998இல் வந்த உணவு வேளாண் அமைப்பின் முறையில் மேற்பரப்புத் தடை மீட்டருக்கு 70 வினாடி என்று நிலையாக வைத்திருப்பது, நீர்ப் பற்றாக்குறை இல்லாத 12 செ.மீ. உயரப் புல்லுக்காக.

அலகு மாற்றம் ஒன்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்: ஒரு நாளில் 1 மி.மீ. நீர் ஆவியாக, சதுர மீட்டருக்குச் சராசரி 28.4 வாட் வேண்டும். ஆவியிழப்பை நீரியலார் மி.மீ.யில் எழுதுகிறார், வளிமண்டலத்தார் வாட்டில் எழுதுகிறார். இருவரும் பேசுவது ஒன்றையே.

கோபுரம் பற்றி. சோனிக் காற்றுமானி (ஒலியலையால் காற்றை அளப்பது) காற்றின் மேல்–கீழ் வேகத்தையும், வாயுப் பகுப்பி நீராவியையும் வினாடிக்கு 10 அல்லது 20 முறை எடுக்கின்றன. 20 என்றால் அரை மணியில் 36,000 வரிசை. மேலே போகும் சுழல் ஈரமாகவும் கீழே வரும் சுழல் வறட்சியாகவும் இருந்தால், இரண்டின் இணைமாற்றமே, அதாவது இரண்டும் சேர்ந்து மாறும் அளவே, ஆவியிழப்பு. கணக்கின் படிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் விடை கெடும். காற்றுமானியின் சாய்வுக்கு அச்சுத் திருப்பம். குழாய் வழியே காற்றை உறிஞ்சும் பகுப்பி என்றால் தாமதத் திருத்தம். நீராவி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதால் ஈரப்பதம் கூடும்போது தாமதமும் கூடும், ஒரே எண்ணை ஆண்டு முழுக்கப் போடக் கூடாது. திறந்தவெளிப் பகுப்பி என்றால் 1980இல் வெப், பியர்மன், லூனிங் தந்த அடர்த்தித் திருத்தம். மழை பெய்யும்போது திறந்தவெளிக் கண்ணாடியில் துளி உட்கார்ந்து அளவு போய்விடும். ஆக, இலையில் தேங்கிய நீர் ஆவியாகும் அந்த நேரமே தரவில் ஓட்டையாக நிற்கும்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஆற்றல் கணக்கு பொருந்தாது. நிகரக் கதிர்வீச்சிலிருந்து மண்ணுக்குள் போன வெப்பத்தைக் கழித்தால் 500 வாட் என்று வையுங்கள். கோபுரம் காட்டுவது காற்றைச் சூடாக்க 150, ஆவியாக்க 250, மொத்தம் 400. இப்படி 10 முதல் 30 சதவீதம் குறைவது உலகெங்கும் உள்ள கோபுரங்களில் வழக்கம். பவென் விகிதத்தை (சூடாக்கும் ஆற்றலை ஆவியாக்கும் ஆற்றலால் வகுத்தது), இங்கே 0.6, மாற்றாமல் விட்டு மீதியைப் பங்கிட்டால் ஆவியாக்கம் 312 வாட் ஆகும். ஒரே தரவு, ஒரு முடிவால் 25 சதவீத வேறுபாடு. திருத்தியது, திருத்தாதது இரண்டையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

பங்கிடும் முன் மண் வெப்பத் தகட்டைப் பாருங்கள். தகடு 8 செ.மீ. ஆழத்தில் இருந்தால், மேலேயுள்ள 8 செ.மீ. மண் சூடாக எடுத்துக்கொண்ட வெப்பம் அதில் வராது. அதைச் சேர்க்க மறந்துவிட்டுக் கோபுரத்தின் மேல் பழி போடுவது சாதாரணமாக நடக்கிறது.

மேகவரி

ஓடைமட்டம் சொன்ன 30 ஹெக்டேர் ஓடைக்கு நல்லது. கோபுரம் பார்க்கும் பரப்பையும் சேர்த்து யோசியுங்கள். தோராய விதி, உணரியின் உயரத்தைப் போல் 100 மடங்கு தூரம் காற்று வரும் திசையில். 3 மீட்டர் உயரம் என்றால் 300 மீட்டர். 30 ஹெக்டேர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 548 மீட்டர். நடுவில் வைத்தால் எல்லையைத் தாண்டும். காற்று அடங்கிய இரவுகளில் இன்னும் நீளும். குறைந்த செடிகள் உள்ள நிலமாகப் பார்த்து உணரியை 2 மீட்டரில் வையுங்கள். மரங்கள் என்றால் உயரமான கோபுரம் வேண்டும், அப்போது 30 ஹெக்டேர் போதவே போதாது.

ரேடார் மழையைச் சேர்க்கச் சொல்வார்கள். இந்த அளவில் வேண்டாம். ஒரு ரேடார் கட்டம் 1 சதுர கி.மீ. என்றாலே நீர்ப்பிடிப்பு அதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் வகுப்பில் ஒரு கணக்கு கட்டாயம் போட வேண்டும். எதிரொலி 50 டிபிஇசட் (எதிரொலி வலிமையின் மடக்கை அலகு). மழைவீதத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி ஓர் எண்ணால் பெருக்கினால் எதிரொலி வலிமை வரும், அந்த எண்ணும் அடுக்கும்தான் கீழே. மார்ஷல்–பால்மர் தொடர்பு, 200, அடுக்கு 1.6: மணிக்கு 49 மி.மீ. வெப்பச்சலன மழைக்கான 300, அடுக்கு 1.4: மணிக்கு 63 மி.மீ. வெப்பமண்டல மழைக்கான 250, அடுக்கு 1.2: மணிக்கு 147 மி.மீ. எதிரொலி ஒன்றே, துளிகளின் அளவுப் பரவலைப் பற்றிய ஊகம்தான் வேறு. 147ஐ எடுத்து ஓடை மாதிரியில் போட்டால் வெள்ளம், 49ஐப் போட்டால் ஒன்றுமில்லை. மழைத் தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்காத நீரியலாரும், தன் எண் எங்கே போகிறது என்று கேட்காத ரேடார்க்காரரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியதற்கு இந்த மூன்று எண்கள் போதும்.

தூரம் போகப் போகக் கற்றையும் மேலே போய்விடும். அரை டிகிரிக் கோணத்தில் 100 கி.மீ.யில் சுமார் 1.5 கி.மீ. உயரம், 200 கி.மீ.யில் சுமார் 4.1 கி.மீ. அங்கே பார்ப்பது பல நேரம் உருகும் பனியாக இருக்கலாம். தரையில் விழுந்த மழை அதில் நேரடியாகத் தெரியாது.

ஆழம்வேண்டும்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். //முதல் ஆண்டில் எல்லா மாணவரும்// என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வளிமண்டல இயக்கவியலுக்கு வெக்டர் கால்குலஸ், சுழற்சி, கொரியாலிஸ் விசை, அலைகள் என்று இரண்டு முழுப் பருவம் வேண்டும். நிலத்தடி நீருக்கு டார்சி விதி, 1935இன் தைஸ் தீர்வு, மாசு பரவல் என்று இன்னும் இரண்டு. மேகம் நிமிடங்களில் மாறும், நீர்த்தாங்கி பத்தாண்டுகளில் மாறும். ஓராண்டுக் களப்பணி இந்த இரண்டு பக்கத்தின் மணி நேரத்தையும் தின்றுவிடும். சோனிக் காற்றுமானியைத் துடைக்கத் தெரிந்து, கொந்தளிப்புச் சமன்பாட்டை எழுதத் தெரியாதவர்களைத்தான் உருவாக்குவோம்.

நீர்க்கணக்கன்

நியாயமான கவலை. ஆனால் மணி நேரம் எங்கே மிச்சமாகும் என்று பாருங்கள். இப்போது இரண்டு துறையிலும் தனித்தனியே இரண்டு முறை நடத்தப்படுவன: கதிர்வீச்சுச் சமநிலை, பென்மன் வாய்பாடு, நிலைமாற்ற வெப்பம், பரவல் சமன்பாடு, புள்ளியியல். மண்ணில் வெப்பம் இறங்குவதும் மண்ணில் ஈரம் இறங்குவதும் ஒரே குடும்பச் சமன்பாடு. இரண்டாவதில் குணகம் ஈரத்தோடு மாறுகிறது, அதுதான் 1931இன் ரிச்சர்ட்ஸ் சமன்பாடு. இவற்றை ஒரே முறை ஆழமாக நடத்தினால் ஒரு பருவம் கிடைக்கும்.

நீங்கள் சொல்லும் இயக்கவியலும் நிலத்தடி நீரும் இரண்டாம் ஆண்டிலிருந்து பிரிந்து போகட்டும், அதை நான் மறுக்கவில்லை. முதல் ஆண்டில் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. 1969இல் காலநிலை அறிவியலாளர் மனாபே தன் கணினிக் காலநிலை மாதிரிக்குள் நிலத்தை வைத்தபோது, அது 15 செ.மீ. நீர் பிடிக்கும் ஒரு வாளி. நிறைந்தால் வழியும், குறைந்தால் ஆவியிழப்பு குறையும். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். பிறகு வந்த நில மாதிரிகள் எல்லாம் அந்த வாளியைத் திருத்தும் முயற்சி. திருத்த மண் தெரிந்தவரும் காற்று தெரிந்தவரும் சேர்ந்தே உட்கார வேண்டியிருந்தது.

ஆழம்வேண்டும்

இரண்டாம் ஆண்டில் பிரிப்பது எழுத்தில் இருந்தால் ஏற்கிறேன். களப்பணிக்கு வாரம் ஒரு பிற்பகல், அதற்கு மேல் இல்லை என்றும் எழுதுங்கள்.

ஈரமண்

சேமிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. 1 மீட்டர் ஆழ மண்ணில் ஈரப் பங்கு 0.10 மாறினால் அது 100 மி.மீ. நீர். உணரியின் பிழை 0.03 என்றால் 30 மி.மீ. கம்பியைச் சுற்றி ஒரு சிறு காற்று இடைவெளி இருந்தாலே அளவு வறட்சிப் பக்கம் சாயும், ஏனென்றால் உணரி பார்ப்பது பொருளின் மின்காப்பு மாறிலியை. நீருக்கு 80, மண் தாதுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. துளை போட்டுத் தளர்வாகச் செருகக் கூடாது, குழி வெட்டிப் பக்கச் சுவரில் அழுத்திச் செருக வேண்டும். களிமண்ணும் உப்பும் உள்ள இடத்தில் ஆலை தந்த அளவுத்திருத்தம் தப்பும். தெரிந்த கன அளவு மண்ணை எடுத்து 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போட்டு, உங்கள் மண்ணுக்கு நீங்களே கோடு வரையுங்கள்.

ஆறு இடம் போதாது என்று தோன்றினால் காஸ்மிக் கதிர் நியூட்ரான் முறையைப் பாருங்கள். மண்ணுக்கு மேலே நின்று நியூட்ரான்களை எண்ணும் கருவி. ஹைட்ரஜன் கூடினால் எண்ணிக்கை குறையும். நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆரத்தில் சராசரி ஈரம் கிடைக்கும். இந்த முறையை 2008இல் வெளியிட்டவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஸ்ரேடாவும் உடன் உழைத்தவர்களும். அங்கே இன்று நீரியலும் வளிமண்டல அறிவியலும் ஒரே துறை. கருவியும் அப்படித்தான்: மண் ஈரத்தைப் படிக்க முதலில் காற்றழுத்தத் திருத்தம் வேண்டும், பிறகு காற்றிலுள்ள நீராவிக்கான திருத்தம் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் நீராவி 10 கிராம் கூடினால் எண்ணிக்கையில் சுமார் 5 சதவீதத் திருத்தம்.

செலவில்லாத யோசனை ஒன்று: கணக்காண்டை நாட்காட்டிப்படி தொடங்காதீர்கள். மண் மிக வறண்ட நாளில் தொடங்கி, அடுத்த வறண்ட காலத்தில் முடியுங்கள். இரு முனையிலும் சேமிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இந்த உறுப்பின் பிழை தானாகச் சிறுக்கும்.

மழைத்துளி200

நேரத்தை மறந்துவிடுவோம் போலிருக்கிறது. வளிமண்டலத் தரவு உலகப் பொது நேரத்தில் வரும், ஓடை லாகர் உள்ளூர் நேரத்தில் ஓடும். நாள்மழை என்பது பெரும்பாலும் காலை அளவீட்டில் முடியும் 24 மணி நேரம், நள்ளிரவிலிருந்து நள்ளிரவு இல்லை. சில லாகர்கள் அரை மணியின் தொடக்கத்தைப் பொறிக்கும், சில முடிவைப் பொறிக்கும். இவை கலந்தால் மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததாக வரைபடம் காட்டும். கடிகாரம் ஒரு நாளுக்கு 5 வினாடி நழுவினால் ஒரு மாதத்தில் இரண்டரை நிமிடம். சிறு நீர்ப்பிடிப்பில் அது பொருட்டான அளவு. எல்லா லாகரும் உலகப் பொது நேரம், எல்லாப் பொறிப்பும் இடைவெளியின் முடிவு என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மீதிமேடு

கடைசிக் கேள்வி, மீதியை, அதாவது நான்கையும் அளந்த பிறகு கணக்கில் பொருந்தாமல் மிஞ்சுவதை, என்ன செய்வது? எண் போட்டுக் காட்டுகிறேன், இது விளக்கத்துக்கான எண்கள்தான். மழை 1000 மி.மீ., பிழை 8 சதவீதம், 80 மி.மீ. ஓடை 350, பிழை 6 சதவீதம், 21 மி.மீ. ஆவியிழப்பு 600, பிழை 15 சதவீதம், 90 மி.மீ. சேமிப்பு மாற்றம் 0, பிழை 20 மி.மீ. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 6400, 441, 8100, 400, கூடுதல் 15,341, வர்க்கமூலம் 124 மி.மீ.

மீதி 1000 − 350 − 600 = 50 மி.மீ. அது 124க்குள் இருக்கிறது. ஆகவே "50 மி.மீ. நிலத்தடியில் கசிந்தது" என்று எழுத உரிமை இல்லை. மாணவர்கள் முதலில் எழுதுவது இதைத்தான்.

இன்னொன்றும் தெரிகிறது. ஓடைப் பிழையை முழுக்க ஒழித்தாலும் 124 என்பது 122 ஆகும், அவ்வளவுதான். குழிமானி வைத்து மழைப் பிழையை 3 சதவீதமாக்கினால் 124 என்பது 99 ஆகும். பணம் எங்கே போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. பெரும்பிழை இரண்டும், மழையும் ஆவியிழப்பும், காற்றும் நிலமும் தொடும் எல்லையிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

சாராத பிழை என்ற ஊகத்தையும் சோதியுங்கள். காற்று பலமாக வீசும் ஆண்டில் மழைமானி குறைத்துக் காட்டும், மழையில் நனைந்த பகுப்பியும் குறைத்துக் காட்டும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் மீதியில் ஒன்றையொன்று மறைத்துவிடும். மீதி சிறிதாக இருப்பதே நல்ல அளவீட்டுக்குச் சான்று ஆகாது.

ஓடைமட்டம்

நன்றாகச் சொன்னீர்கள். மழையிலிருந்து ஓடையைக் கணக்கிடும் கணினி மாதிரியை ஓட்டும் இடத்திலும் இதே ஆபத்து. மழை 8 சதவீதம் குறைவாக உள்ளே போனால், அளவுருத் தேடல் ஆவியிழப்பைக் குறைத்து ஓடையோடு பொருத்திவிடும். மாதிரி எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் நாஷ்–சட்கிளிஃப் மதிப்பு அழகாக வரும், உள்ளே இருப்பது இரண்டு தவறு. கோபுரத்தின் ஆவியிழப்பைத் தேடலுக்குக் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு ஒப்பிட்டால் பிடிபடும்.

ஐசோடோப்பு18

சிறு சேர்க்கை. நிலத்தடிக் கசிவு சந்தேகம் தீராவிட்டால் மழை, ஓடை, கிணறு மூன்றிலும் மாதம் ஒரு மாதிரி எடுங்கள். நீரின் கன ஐசோடோப்புகளுக்குக் கிரெய்க் 1961இல் காட்டிய கோட்டில் டியூட்டிரியம் மதிப்பு ஆக்சிஜன்-18 மதிப்பின் 8 மடங்கோடு 10ஐக் கூட்டியது. ஆவியாகி மிஞ்சிய நீர் அதிலிருந்து விலகி 4 முதல் 6 வரையான சரிவில் போகும். மழை சேகரிக்கும் புட்டியிலேயே நீர் ஆவியானால் அதே சரிவு பொய்யாக வரும். புட்டியின் அடிவரை போகும் குழாய் வைத்த சேகரிப்பானோ, மேலே பாரஃபின் எண்ணெய்ப் படலமோ வேண்டும். குப்பியைக் காற்றுக் குமிழியில்லாமல் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள்.

நீர்க்கணக்கன்

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை இப்படி மாற்றுகிறேன். நீர்ப்பிடிப்பு 30 ஹெக்டேர், குறைந்த செடிகள் உள்ள நிலம், கோபுர உணரி 2 மீட்டரில். மழைமானி மூன்றில் ஒன்று குழியில், பக்கத்தில் சேமிப்பு மானி. ஓடையில் ஒரு மீட்டர் ஆழ வெட்டு, அருகே காற்றழுத்தமானி. கணக்காண்டு வறண்ட நாளில் தொடங்கும். வாரம் ஒரு பிற்பகல் மட்டும். இரண்டாம் ஆண்டில் பிரிவு. அறிக்கையில் மீதியும் அதன் பிழையும் முதல் பக்கத்தில். எந்த உறுப்பையும் கழித்தெடுத்தால் மதிப்பெண் இல்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பரப்பைக் குறைத்ததால், மேலே தெரியும் நீர்ப்பிரிமேடும் நிலத்தடி நீர்ப்பிரிமேடும் ஒத்துப்போகாத ஆபத்து கூடுமே?

ஈரமண்

கூடும். பரப்பு சிறுத்தால் எல்லையின் நீளத்துக்குப் பரப்பின் விகிதம் குறையும், கசிவின் பங்கு பெருகும். தகட்டுக்கு அடியிலேயே நீர் போவதுதான் முதலில் பார்க்க வேண்டியது. சுவரின் அடித்தளம் பாறை வரையோ இறுகிய களிமண் வரையோ இறங்க வேண்டும். கட்டி முடித்ததும் தகட்டுக்குச் சற்றுக் கீழே ஓடையின் ஓட்டத்தை உப்புக் கரைசல் முறையில் அளந்து, தகடு காட்டும் அளவோடு ஒப்பிடுங்கள். மழையில்லாத நாளில் கீழே அளந்தது தொடர்ந்து கூடுதலாக இருந்தால் அடியில் ஒழுகுகிறது. எல்லைக்கு, பிரிமேட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு கண்காணிப்புக் குழாய்கள் இறக்கி மட்டத்தைப் பாருங்கள். நிலத்தடி மட்டம் பிரிமேட்டின் உச்சிக்குக் கீழே மேடாக இல்லாமல் ஒரே பக்கமாகச் சரிந்தால், அந்த இடம் வேண்டாம், வேறு நீர்ப்பிடிப்பு தேடுங்கள். தகடு வைப்பதற்கு முன்னால் செய்யுங்கள், பின்னால் இல்லை.

ஓடைமட்டம்

தகட்டுக்கு மேலே தேங்கும் வண்டலையும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வாரிவிட வேண்டும். வண்டல் ஏறினால் நீர் வேகமாக வந்து சேரும், அதே மட்டத்துக்குக் கூடுதல் ஓட்டம் போகும், வாய்பாடு குறைத்துக் காட்டும். வாரிய நாளையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள், அந்த நேரத்து மட்டத் தரவை நீக்க அது தேவைப்படும்.